அளக்காத பந்து

ராஜலிங்கம் காலால் ஒதுக்கப்போன பந்துக்கு முன்னால் பேச்சியம்மா சட்டென்று குந்திவிட்டாள்.

தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் ஒரு கணம் கொக்கு மாதிரி நின்றார்.

அம்பிட்டிய கிளப்பின் புல்தரையில் ஞாயிறுதோறும் நடக்கும் லோன் போல்ஸ் பயிற்சியில், பதினோரு வாரமாக இப்படி ஒரு காரியத்தை யாரும் செய்ததில்லை. பெண்கள் பந்தை உருட்டுவார்கள். ஜாக் என்கிற சின்ன வெள்ளைப் பந்துக்கு யாருடையது கிட்ட நிற்கிறது என்று பயிற்சியாளரான ராஜலிங்கம் சொல்வார். பந்துகளை ஒதுக்கிவிட்டு அடுத்த ஆட்டம். அதுதான் வழக்கம்.

பெரும்பாலும் கண்ணாலேயே சொல்லிவிடுவார். கண்ணில் குறையில்லை, முழங்கால்தான் மோசம்.

"பாத்தாலே தெரியுதேம்மா, சீதாவோடதுதான் கிட்ட. எந்திரி."

"டேப்ப எடுங்க சார்" என்றாள் பேச்சியம்மா. எழும்பவில்லை.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சீதா கண்டியில் வங்கி வேலை பார்ப்பவள், முதல் வாரமே ஒன்றரை அடிக்குள் கொண்டுபோய் நிறுத்தியவள். அவளோடு போட்டிக்கு நிற்க இவள் யார்? ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டு, ஞாயிறானால் பஸ் ஏறி வருகிறவள். முதல் நாள் இவள் உருட்டிய பந்து ஜாக்கிலிருந்து நானூற்றிருபது சென்டிமீட்டர் தள்ளி நின்றது.

அன்றைக்கு இருந்த உற்சாகத்தில் எல்லோருடையதையும் அளந்து கொப்பியில் எழுதியிருந்தார். பிறகு கிட்ட நின்ற பந்துகளை மட்டும் அளந்தார். பேச்சியம்மாவின் பெயருக்கு நேரே வாராவாரம் 'தொலைவு' என்று எழுதினார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே எழுதினார் என்பதுதான் உண்மை.

நாளைக்குக் கொழும்புக்கு அணித் தெரிவுக்கான பட்டியல் போக வேண்டும். ஒன்பது பேரில் ஆறு பேர். முதல் வாரத்திலிருந்து கடைசி வாரத்துக்குள் யார் எவ்வளவு தேறினார்கள் என்று சென்டிமீட்டரில் கேட்டிருந்தார்கள். எண் இல்லாத பெயரை அனுப்ப முடியாது என்று போன வாரம் எல்லோருக்கும் சொன்னவர் அவரேதான். பேச்சியம்மா போவதற்கில்லை என்பது அவர் மனதில் எப்போதோ முடிந்துபோன விஷயம்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்க்காமல் சாக்கை இறக்கவிடாதவள் அவள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மற்றப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். தோற்றதை ஒப்புக்கொள்ளத் தெரியாத ஜென்மம் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். சீதாவின் முகம் விழுந்துவிட்டது. அவளே போய் டேப்பைக் கொண்டுவந்து ராஜலிங்கத்திடம் நீட்டினாள்.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் இறங்கினார். இந்த வீம்புக்காரியை நாலு பேருக்கு முன்னால் அடக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டே டேப்பை இழுத்தார்.

சீதாவுடையது இருபத்தெட்டு. பேச்சியம்மாவுடையது முப்பத்தொன்று.

எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்துவிட்டு, இப்போது திருப்தியா என்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

"சீதாக்காதான் கிட்டன்னு எனக்கு அப்பவே தெரியும் சார். நீங்க முப்பத்தொன்ன எழுதுங்க."

ராஜலிங்கம் கொப்பியைத் திறந்தார். முதல் கட்டத்தில் நானூற்றிருபது. அப்புறம் ஒன்பது வாரத்துக்கு ஒரு எண்கூட இல்லை. கடைசிக் கட்டத்தில் முப்பத்தொன்று என்று எழுதினார். கழித்துப் பார்த்தார். மற்ற எட்டுப் பேரில் ஒருத்திகூட அதில் பாதி தேறியிருக்கவில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்க டேப்பை மளமளவென்று சுருட்டிக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

"இருங்க சார், எந்திரிக்காதீங்க. இன்னும் மூணு ஆட்டம் கெடக்கு" என்றாள் பேச்சியம்மா, பந்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு.