நெருப்பு மட்டும் நிஜம்

ராஜரத்தினம் கேஸ் டார்ச்சின் குமிழைத் திருகி, விசையை அழுத்தினார். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்னக் கருவியின் மூக்கிலிருந்து உஸ்ஸென்று நீல நெருப்பு நீண்டது. கண்ணாடி அறைக்கு வெளியே இருபது செல்போன்கள் ஒரே சமயத்தில் உயர்ந்தன.

நெற்றி நிறைய விபூதி, காதில் கடுக்கன், மடித்துக் கட்டிய வேட்டி. தலைக்கு மேலே பலகை: 'முப்பது வருடக் கைவண்ணம், உங்கள் கண் முன்னே.' இடுக்கியில் பிடித்த வெள்ளி மோதிரத்தை நெருப்பில் காட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். தி.நகரின் அந்த நகைக்கடைக்கு வருகிறவர்கள் அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகுதான் மாடி ஏறுவார்கள்.

மோதிரம் நாலு மாதமாக அதேதான். சாயங்காலம் துடைத்து வைத்தால் மறுநாள் அதுவே புது மோதிரம்.

ராஜரத்தினம் நகைவேலை செய்பவர் அல்ல. மயிலாப்பூர் சபா நாடகங்களில் இருபத்தைந்து வருடம் தபால்காரராகவும் சமையல்காரராகவும் வந்துபோன நடிகர். நிஜமாக நகை செய்கிற அப்துல் சமத், ஜீன்ஸும் டீ-ஷர்ட்டுமாக மூன்றாவது மாடியில் இருந்தார்.

"அவரை இங்க உக்கார வெச்சா, மொபைல் ரிப்பேர் கடைன்னு நெனச்சுடுவாங்க சார்" என்று சொல்லித்தான் மேனேஜர் பாலகணேஷ் இவரைப் பிடித்துப் போட்டிருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று. குட்டு வெளிப்பட்டால் அன்றைக்கே சீட்டு கிழிந்துவிடும்.

வாழ்க்கையில் முதல் கதாநாயகன் வேஷம். ராஜரத்தினம் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. அட்சய திருதியை வாரம் என்பதால் மதியத்திலும் கூட்டம் நெரிந்தது. டார்ச்சை அணைக்கப்போன சமயத்தில் ஒரு பெண்மணி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஐயா, எம் பொண்ணு கொலுசு அறுந்துபோச்சுங்க. நாளைக்கு அவளுக்கு நிச்சயதார்த்தம். உங்க கையாலயே பத்தவெச்சுக் குடுங்க, எல்லாரும் பார்க்கட்டும்!"

குரல் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டாமல், முகத்தை மறைக்காமல், அழகாக ஒருக்களித்து நின்றாள். அவருடைய மேடைக் கண்ணில் அது பட்டது. ஆனால் மனசு அதைக் கேட்கிற நிலைமையில் இல்லை.

"அம்மா, ரிப்பேர் எல்லாம் மூணாவது மாடியிலங்க..."

"முப்பது வருசக் கைன்னு போட்டிருக்கே! ஒரு வளையம் ஒட்ட மாட்டீங்களா?"

"ஒட்டிக் குடுங்க சார்!" என்றது கூட்டம்.

ராஜரத்தினம் மேனேஜரைத் தேடினார். பாலகணேஷ் தூண் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காப்பாற்ற வரவில்லை. 'ம், ஆகட்டும்' என்று புருவத்தை மட்டும் தூக்கினார். ராஜரத்தினம் சமத்துக்கு போன் போட்டுப் பார்த்தார். தொழுகைக்குப் போனவர் எப்படி எடுப்பார்?

பொடி வைத்துப் பேசித்தான் அவருக்குப் பழக்கம். பொடி வைத்து ஊதியதே இல்லை.

டீ குடிக்கும்போது சமத் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. "நெருப்ப ஒரே எடத்துல குத்தக் கூடாது மாமா. சுத்திச் சுத்திக் காட்டணும். வெள்ளி செவந்தா பத்துப்பொடி தானா உருகி ஓடும். ஓடின உடனே கைய எடுத்துடணும், இல்லாட்டி கொலுசே உருகிடும்."

அலங்காரத்துக்காக வைத்திருந்த கிண்ணத்திலிருந்து முதல்முறையாக, பற்று பிடிக்கத் தடவும் வெங்காரத்தை எடுத்துக் குழைத்தார். அறுந்த வளையத்தின் இரண்டு முனையையும் சேர்த்து, வெங்காரம் தடவி, ஒரு சிட்டிகை பற்றுப்பொடி வைத்தார். டார்ச்சைப் பற்றவைத்தார்.

வெங்காரம் பொங்கியது, அடங்கியது. நெருப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். கபாலீஸ்வரரைக் கூப்பிட்டார். வளையம் மெல்லச் சிவந்தது. சட்டென்று பாதரசம் மாதிரி ஒரு மினுக்கு இடுக்கில் ஓடியது. கையை எடுத்தார்.

கொலுசைத் தண்ணீரில் போட்டதும் சுர்ரென்றது. எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். விடவில்லை.

கூட்டம் கைதட்டியது. இருபத்தைந்து வருடத்தில் அவர் வந்த காட்சிகளுக்கு எத்தனையோ முறை கைதட்டல் விழுந்திருக்கிறது, எல்லாம் பக்கத்தில் நின்றவருக்கு. இது அவருக்கே அவருக்கு. சுட்டுக்கொண்ட விரல்கூட அப்போது வலிக்கவில்லை.

அந்தப் பெண்மணி மட்டும் கைதட்டவில்லை. கொலுசை வாங்கி ஒருமுறை இழுத்தாள், மறுபடி பலமாக இழுத்தாள். பேயறைந்தவள் மாதிரி விழித்துவிட்டு, பெரிதாக ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து ராஜரத்தினம் சாப்பிடப் போனார். ஊழியர்கள் புழங்கும் பின்பக்கப் படிக்கட்டில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கொலுசு.

இங்கே எப்படி வந்தாள் என்று யோசிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா, கொலுசு நல்லா கெட்டியா இருக்கா?"

அவள் தயிர்சாதக் கையோடு அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"இன்னா சார் நீ, மேனேஜர் சும்மா நெருப்பதான காட்டச் சொன்னாரு, இப்ப நாலு மணி ஷோவுக்கு அறுந்த கொலுசுக்கு நான் எங்க போவேன்?"