காதல் நீக்கும் ஊசி

ஊசி ஏறும்போது யாரை நினைக்கிறோமோ அவர் மேலுள்ள காதல் போய்விடும். அந்த நேரத்தில் பாடினால் பாட்டின் மேலுள்ள ஆசையும், சாமியை நினைத்தால் பக்தியும் சேர்ந்தே போய்விடும். இதை நர்ஸ் பூங்கோதை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவாள்.

அன்று வந்தவர், வேறொருத்தியோடு போய்விட்ட அவள் கணவர் தில்லைநாயகம். தேவாரம் பாடி ஊரையே அழவைப்பவர்.

"உன் நினைப்பு இருக்கிற வரைக்கும் அவளோட வாழ முடியல, கோதை. நீ போட்டா வலிக்காதுன்னுதான் இங்கேயே வந்தேன்."

திரும்பி வரச்சொல்லிக் கெஞ்ச அவள் சேர்த்துவைத்திருந்த சொற்களெல்லாம் அந்தக் கணமே கசந்துபோயின. எச்சரிக்கையை அவள் சொல்லவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு எனக்காகப் பாடினீங்களே ஒரு பதிகம், அதைப் பாடிக்கிட்டே என்னை நினைங்க."

அவர் கண்மூடி உருகிப் பாடினார். அவள் ஊசியை ஏற்றினாள். பாட்டு பாதி அடியில் நின்றது.

சற்று நேரத்தில் கைபேசி அடித்தது. கோயிலிலிருந்து மாலைப் பூஜைக்குப் பாட அழைத்தார்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு அவர் அவளைப் பார்த்தார்.

"ஏன் கோதை, ஒரு கல்லு முன்னாடி நின்னு இத்தனை காலம் எதுக்குக் கத்தினேன்?"

"எனக்கெப்படித் தெரியும்?" அவள் கையுறையை நிதானமாகக் கழற்றினாள். "போறப்போ அடுத்த ஆளை உள்ளே அனுப்புங்க."