பெயர் எழுதாத சீட்டு

“சாப்பிடுறப்ப யாரும் பக்கத்துல சேர்த்துக்கிறதே இல்ல. எப்பவும் தனியாத்தான் சாப்பாடு. அவங்கவங்க வேலையை எல்லாம் ஒரே ஆள் தலையில கட்டிடுறாங்க. நடந்தா, பின்னாடியே அதே மாதிரி நடந்து காட்டுறாங்க. பாவமா இருக்கு. ஆனா எதுவுமே நடக்காத மாதிரி சிரிச்சிட்டே போயிடுறாங்க.”

கணக்கு டீச்சர் அந்தத் துண்டுச் சீட்டை நாலாவது தடவையாகப் படித்தாள். நோட்டின் கடைசித் தாளைக் கிழித்துப் பென்சிலால் எழுதியிருந்தது. பெயர் இல்லை.

செய்வதையும் செய்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்களாம்.

ஆறாம் வகுப்பு வாசலில் புகார்ப் பெட்டி மாட்டி மூன்று வாரம் ஆகிறது. கேலி, அடிதடி, ஒதுக்கி வைப்பது, எதுவானாலும் எழுதிப் போடலாம். இந்தச் சீட்டுக்கு முன்னால் அதில் விழுந்தது இரண்டு மிட்டாய்த் தாளும், வீட்டுப்பாடத்தை ஒழிக்கச் சொல்லி ஒரு விண்ணப்பமும்தான்.

போன வருஷம் அவள் வகுப்புப் பையன் ஒருவன் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். கூடப் படித்தவர்கள் செய்த வேலை என்று தெரிந்தபோது அவன் வேறு ஊருக்கே போயிருந்தான். மூக்குக்குக் கீழே நடந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்ற உறுத்தலில் அவள் கேட்டு வாங்கிய பெட்டி இது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. ஆசிரியர் அறையில் நாற்காலி போதாது என்பதால் அவள் சாப்பிடுவது மாடியில், ஆய்வுக்கூடத்துக் கைகழுவும் தொட்டி ஓரத்தில். இன்றைக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. ஜன்னல் வழியே கீழே பிள்ளைகள் சாப்பிடும் முற்றம் முழுவதும் தெரிந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முப்பத்திரண்டு தலை. ஒன்றுகூடத் தனியாக இல்லை. காலையில் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்ட இரட்டையர்கூட ஒரே டப்பாவில் கை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவேளை புதிதாகச் சேர்ந்த பெண்ணாக இருக்குமோ? குதிகால் வலியில் நொண்டியபடி படியிறங்கிப் போய் அவளைத் தனியே அழைத்தாள்.

“உன்னை யாராவது சேர்த்துக்காம ஒதுக்குறாங்களாம்மா? பயப்படாம சொல்லு.”

“என்னையா மிஸ்? மூடியைத் திறக்கிறதுக்குள்ள என் டப்பாவைக் காலி பண்ணிடுறாங்க. கொஞ்சம் ஒதுக்கினா நல்லா இருக்கும்!”

அவளும் இல்லை. மற்ற டீச்சர்கள் கண்ணில் ஏதாவது பட்டிருக்கலாம் என்று ஆசிரியர் அறைக்குப் போனாள். வாசலில் அவள் நிழல் தெரிந்ததும் உள்ளே சிரிப்புச் சத்தம் அடங்கியது. அறை நடுவில் நின்றிருந்த அறிவியல் டீச்சர் அவசரமாகத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

“என் வகுப்புல ஒரு குழந்தையை எல்லாரும் ஒதுக்குறாங்க போலிருக்கு. நீங்க யாராவது கவனிச்சீங்களா?”

“பெட்டி வெச்சது நீங்க. பூதம் கிளம்பினா நீங்கதான் பிடிக்கணும்” என்றாள் வரலாற்று டீச்சர். “போறப்ப இந்த ஏழாம் வகுப்புப் பேப்பரையும் எடுத்துட்டுப் போங்க. திருத்துறதுல உங்க கைவேகம் யாருக்கு வரும்?”

கணக்கு டீச்சர் புன்னகைத்தபடியே கட்டை வாங்கிக்கொண்டாள். மார்போடு அணைத்த நோட்டுகளுடன் வாசலில் நின்றிருந்த ஆறாம் வகுப்பு லீடர் பெண், அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

கடைசி மணி அடித்து வகுப்பு காலியானது. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. ஒரு குழந்தை இன்றைக்கும் அழுகையை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும். அது யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஏழாம் வகுப்புப் பேப்பரைப் பிரிக்கக்கூடக் கை எழவில்லை.

நிமிர்ந்தால், லீடர் பெண் இன்னும் போகாமல் மேஜை ஓரத்தில் நின்றிருந்தாள்.

“பஸ் போயிடுமேம்மா?”

“சீட்டு... படிச்சீங்களா மிஸ்?”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீயா எழுதினே?”

பெண் தலையாட்டினாள்.

“நல்ல காரியம் செஞ்சே கண்ணு. யாரு அது? உன் பேர் வெளியில வரவே வராது.”

“சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும் மிஸ்.”

“அதை நான் பாத்துக்கிறேன். கேலி பண்றவங்க யாரா இருந்தாலும் சரி, நாளைக்குக் காலையில முதல் வேலையா நேருக்கு நேர் நின்னு கேக்குறேன்.”

“நீங்க கேக்க மாட்டீங்க, மிஸ்.”

“ஏன் கேக்க மாட்டேன்? அந்தக் குழந்தை பேரை மட்டும் சொல்லு.”

அந்தப் பெண்ணின் கண்கள் நிறைந்துவிட்டன. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“அது நீங்கதான், மிஸ்.”