எல்லாப் பூட்டுக்கும் ஒரே பகா எண்

பட்டறைச் சன்னல் வழியே பிற்பகல் வெயில் மேசையில் விழுகிறது. மின்னணுப் பூட்டுகள் வரிசையாக மினுங்குகின்றன. அவற்றுக்கு நிரல் எழுதும் மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு பெரிய பகா எண்கள். அவற்றின் பெருக்குத்தொகையை எவரும் பார்க்கலாம். ஆனால் அதிலிருந்து அந்த இரண்டையும் பிரித்தெடுக்கக் கணினிக்கே யுகங்கள் ஆகும். அந்த நம்பிக்கையில்தான் தொழில் நடக்கிறது. காலையில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் இவள் நிரலெழுதிய பூட்டு உடையாமலே திறந்துகிடந்திருக்கிறது. அதனால் இரண்டு பூட்டுகளின் பெருக்குத்தொகைகளுக்கு மீப்பெரு பொது வகுத்தி என்னவென்று பார்க்கிறாள். ஒன்று என்றுதான் வரவேண்டும். கண் இமைப்பதற்குள் திரை நிறைய இலக்கங்கள் வந்து நிற்கின்றன.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க?” வீடுகளில் பூட்டைப் பொருத்தும் கணவன் துளைக்கருவியைத் துடைத்தபடி சிரிக்கிறான்.

“சோதனை பண்றப்ப ஒரு பகா எண்ண மாத்தாம வச்சிருந்தேங்க. அப்புறம் எடுக்க மறந்துட்டேன். எல்லாப் பூட்டுலயும் அதேதான் போயிருக்கு. ரெண்டு பூட்டோட நம்பர் கிடைச்சா போதும், எவனும் திறந்துடுவான்.”

“நம்ம வீட்டுலயும் அதானா?”

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறாள். மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள். அவன் கைபேசியை எடுக்கிறான்; விரல் இரண்டு முறை தவறான பெயரில் படுகிறது. மூன்றாவது முறை மணி போகிறது. மனைவி அவன் வாயையே பார்க்கிறாள்.

“பாப்பா, உள்பக்கம் தாழ்ப்பாளப் போடு. உடனே போடும்மா.”

மறுமுனையில் மின்விசிறி சுற்றுவது கேட்கிறது.

“அதத்தான் புதுப் பூட்டு மாட்டினப்ப, இனிமே தேவையில்லன்னு நீங்களே கழட்டிட்டீங்களேப்பா.”