அம்மா பார்த்த பயணச்சீட்டு

விமான நிலைய வாசலில் அம்மா என் பயணச்சீட்டை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

"காலையில பத்துக்குக் கிளம்பி மூணுக்கே இறங்கிடுவியா? உங்க அத்தை வீட்டுக்கு பஸ்ல போனாலே ஆறு மணி நேரம் ஆகுதேடா."

அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "அப்ப கூப்பிட்ட குரலுக்கு வந்துடுவே."

"ஆமாம்மா" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாலை, பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு அப்பாவிடமிருந்து வந்த போனை எடுத்தேன்.

"அம்மா போயிட்டாடா."

"என்னப்பா சொல்றீங்க? உடம்பு முடியலைன்னுகூட யாரும் சொல்லலையே."

"நாலு நாளா ஆஸ்பத்திரிதான். டாக்டர் அன்னிக்கே உன்னை வரச் சொன்னார். அவதான் விடல. 'அஞ்சு மணி நேரத்துல வந்து நிக்கப்போறவன், அவனை ஏன் இப்பவே பதற வைக்கணும்? ரொம்ப முடியலைன்னா கூப்பிடலாம்'னா."

சீட்டில் இருந்த மூன்று மணி, நான் வந்திறங்கிய இந்த ஊர்க் கடிகாரத்தின் மூன்று மணி. அம்மாவின் கடிகாரத்தில் அப்போது மறுநாள் விடியற்காலை இரண்டரை. நடுவில் பதினான்காயிரம் கிலோமீட்டர், பதினாறரை மணி நேரம். அழுகை நின்றதே என்று அன்று நான் அவளைத் திருத்தவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்கோம்" என்றார் அப்பா. "அஞ்சு மணி நேரந்தானேடா?"

இல்லை என்று சொல்ல இந்த முறையும் எனக்கு வாய் வரவில்லை.