பதிலாள்

கூட்டத்துக்கு வர முடியாதவருடைய குரலில் பேசி, குழுவின் வேலைப் பட்டியல் இருக்கும் பொதுப்பலகையில் அவருடைய வேலையையும் பார்க்கிற பதிலாள் செயலியை எழுதிய குழுவில் வெண்ணிலாவும் ஒருத்தி. அதே குழுவின் இருதயராஜ் இறந்து ஒன்பது நாளாகியிருந்தது. அவருடைய பதிலாள் மட்டும் தினமும் காலைக் கூட்டத்துக்குச் சரியாக வந்து, எல்லோருடைய பிழைகளையும் திருத்திக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

பத்தாம் நாள் அவர் மனைவி பிலோமினா கூட்டத்தின் திரையில் வந்தாள்.

"அவரு ஒரு நாள்கூட லீவு போட்டதில்லம்மா. இப்பவாவது விட்டுருங்க."

ஒருவருடைய பதிலாளை நீக்கக் கூட்டத்தில் இருக்கும் அனைவரும் சம்மதிக்க வேண்டும். பதினோரு பேரும் உடனே சம்மதித்தார்கள். கடைசியாக, கூட்டத்தில் பன்னிரண்டாவதாக இருந்த இருதயராஜின் பதிலாளின் குரல் கேட்டது.

"ரெண்டு வேல பாக்கி இருக்கு. முடிச்சிட்டுக் கெளம்புறேன்."

பிலோமினா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வீட்லயும் இதத்தான் சொல்லுவாரு," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்திலிருந்து வெளியேறினாள்.

வெண்ணிலாவுக்கு மனம் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த இரண்டு வேலைகளையும் தானே முடித்தாள். இனி அவரை அனுப்பிவிடலாம் என்று பலகையைத் திறந்தாள்.

இருதயராஜின் பெயருக்குக் கீழே புதிதாக ஏழு வேலைகள் இருந்தன. காலையில் சம்மதம் சொன்னவர்களிலேயே ஏழு பேர் ஆளுக்கொன்றாகப் போட்டிருந்தார்கள்.

"வெண்ணிலா, உன்னுது ஏதும் இருந்தா குடும்மா," என்றது அவர் குரல்.

மூன்று நாளாகத் தன்னால் முடிக்க முடியாத ஒரு வேலையை, தயங்கித் தயங்கி, அவளும் அவர் பெயரில் எழுதினாள்.