தடையில்லா மின்சாரம்

பௌர்ணமிக்கு மறுநாள் மாலை ஐந்து மணிக்கு இன்வெர்ட்டர் வந்தது. பேட்டரியை இரண்டு பேர் மாடிக்குத் தூக்கினார்கள். கிரிவலக் கூட்டம் போட்டுவிட்டுப் போன தண்ணீர்ப் பாட்டில்களைப் பெருக்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டு திரௌபதி அண்ணாந்து பார்த்தாள்.

"பொண்டாட்டிக்கு வேர்க்கக் கூடாதுன்னு வாங்கிட்டாரு பாரு. கொடுத்து வச்சவடி நீ."

மாடியில் நின்ற தாட்சாயிணி சிரித்தாள். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள்.

எலக்ட்ரீஷியன் அறிவுமதி கீழே போய் மீட்டர் போர்டைப் பார்த்துவிட்டு வந்தான். "சார், உங்க பீஸ் கட்டை ரொம்ப லூசா ஆடுது. அடிக்கடி கழட்டி மாட்டுவீங்களா?"

"நான் எதுக்குய்யா அதைத் தொடப் போறேன்?" என்றான் அவள் கணவன் சக்திவேல். "அது கீழ்வீட்டு வாசல்ல கெடக்குது. ரஹமத்துன்னிசாக்கா ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போயிருக்காங்க, வந்ததும் சொல்லிக்கலாம். நீ வேலையப் பாரு. கரண்ட் போறது ஜாஸ்தி ஆயிடுச்சு. டிவில ஒரு பாட்டு முழுசா கேக்க முடியல."

"எதுக்கெல்லாம் சார் லைன் குடுக்கணும்?"

"மொதல்ல டிவி. அப்புறம் ஹால்ல ஒரு ஃபேன், ஒரு லைட். போதும்."

"டிவி வேணாம்" என்றாள் தாட்சாயிணி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கரண்ட் இல்லாதப்போ டிவி எதுக்கு? பேட்டரி எறங்கிடும்."

"அதெல்லாம் தாராளமா ஓடும்க்கா" என்றான் அறிவுமதி.

சக்திவேல் சிரித்தான். "உனக்கு ஒண்ணும் தெரியாது. போய் தம்பிக்கு டீ போடு."

போட்டாள். சர்க்கரையை மறந்துவிட்டாள்.

வேலை முடிய இருட்டிவிட்டது. அறிவுமதி போனதும் சக்திவேல் கதவைத் தாழிட்டான். கீழே ஓர் ஆட்டோ வந்து நின்று, கிளம்பிப் போனது. அவன் ஜன்னலைச் சாத்தினான். டிவியில் பாட்டு வைத்து, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினான்.

"வெளியாள் முன்னாடி எனக்கே புத்தி சொல்றியா?"

முதல் அடி காதோடு விழுந்தது. சமையல் மேடையில் மோதிச் சரிந்தாள். டீ டம்ளர்கள் உருண்டன. முடியைப் பிடித்து ஹாலுக்கு இழுத்து வந்தான். பெல்ட்டைக் கழற்றினான்.

நேற்று விடிய விடிய தெருவில் கூட்டம். நேற்று அவன் கையை ஓங்கவில்லை. நேற்றைக்கும் சேர்த்து இன்று அடித்தான்.

அவள் கத்தினாள். பாட்டு அதைவிடப் பெரிதாக இருந்தது.

சமையலறை விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது.

மற்ற நாட்களில் இந்த இடத்தில் டிவி செத்துவிடும். ஓங்கிய கை அப்படியே நிற்கும். அவள் முனகுவது எதிர்வீடுவரை கேட்கும் என்று பெல்ட்டை எறிந்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் சிகரெட் பிடிப்பான். அவள் எழுந்து முகம் கழுவிக்கொள்வாள்.

இன்று இன்வெர்ட்டர் ஒரு தரம் 'பீப்' என்றது. பாட்டு நிற்கவில்லை.

"பாத்தியா? ஒரு செகண்ட் கூட கட் ஆவல" என்றான். மறுபடி ஓங்கினான்.

சமையலறை விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்து, அணைந்தது. அவன் கவனிக்கவில்லை. தாட்சாயிணி ஒரு கண்ணால் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இன்னொரு கண் திறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யாரோ கதவை இடித்தார்கள்.

சக்திவேல் பெல்ட்டை சோபாவுக்கு அடியில் தள்ளினான். தலையைக் கோதிக்கொண்டான். டிவியைக் குறைக்காமல் கதவை ஒரு சாண் திறந்தான்.

ரஹமத்துன்னிசா நின்றிருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையை இன்னும் மாற்றவில்லை. மூச்சு வாங்கியது. கதவைத் தள்ளித் திறந்து, தரையில் கிடந்தவளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் கையில் அவன் வீட்டுப் பீஸ் கட்டை இருந்தது.

"ஏன் தம்பி, நான் இதைப் புடுங்கினா நிறுத்திடுவியே, இன்னிக்கு ஏன் நிறுத்தல?"